பதினொரு சதம்

பதுளைப் பட்டணத்தை விட்டுக் கிழக்கே புறப்பட்டு, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று படிப்படியாக இறங்கி, மட்டக்களப்புச் சீமையின் செங்கலடியில் போய் முடிகின்ற நெடுஞ்சாலை, பசறையை நெருங்கும் இடத்தில் இரு பக்கமும் தேயிலையாகவே இருக்கும். ஒரு புறம் நமுனுகுலை மலை. மறு புறம் மடுல்சீமைத் தொடர். அப்பால் 1818ஆம் ஆண்டுக் கலகத்தையும் அதை அடக்க ஆங்கிலேயர் கையாண்ட கொடுமைகளையும் கண்டு குடி குறைந்துபோன வெல்லஸ்ஸ நாடு. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்து, மலையின் ஈரம் வற்றி, கொழுந்தில் ஒரு விசேஷ வாசனை ஏறுகின்ற சில வாரங்கள் உண்டு. அந்த வாரங்களின் தேயிலையினாலேயே ஊவா என்ற பெயர் லண்டன் ஏலக்கடைகளில் பிரசித்தி பெற்றது. அந்த வாசனையை வர்ணித்தவர்கள் அநேகர். அதைப் பறித்த கைக்கு நாளொன்றுக்கு எத்தனை சதம் கொடுக்கப்பட்டது, அதே மலையில் வேலை செய்த ஆணின் கைக்கு எத்தனை சதம் கொடுக்கப்பட்டது, இரண்டுக்கும் இடையே நின்ற வித்தியாசம் எத்தனை தலைமுறை நீடித்தது என்று விசாரித்தவர்கள் சிலரே. அந்த வித்தியாசத்தின் சரித்திரத்தையே இங்கே சொல்லப் புகுகிறேன்.

மலைநாட்டில் முதலில் வந்தது காப்பி. காப்பிப் பழம் பருவத்தில் பழுப்பது. பருவம் முடிந்தால் பறிக்க ஆள் வேண்டியதில்லை. ஆகையால் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டிய கங்காணிமார் பின்னே கடல் கடந்து, காட்டு வழி நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்களாகவே இருந்தார்கள்; பருவம் முடிந்தவுடன் கையில் எஞ்சியதை முடிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியைச் சில ஆண்டுகளில் அழித்தது. அதன் இடத்துக்கு வந்த தேயிலைக்குப் பருவம் என்பதே இல்லை. வாரம் பத்து நாளுக்கு ஒரு தரம், மழையானாலும் வெயிலானாலும், வருஷம் முழுவதும், அதே செடியில் மறுபடியும் கொழுந்து எடுக்க வேண்டும்; எடுக்கத் தவறினால் இலை முற்றிவிடும். ஆகவே தோட்டத்துக்கு வந்துபோகும் ஆட்கள் போதவில்லை. இருந்து வாழும் குடும்பங்கள் தேவைப்பட்டன. புருஷனோடு மனைவியும், மனைவியோடு பிள்ளைகளும், லயம் என்ற வரிசைவீட்டின் பத்தடிச் சதுரக் காம்பராவிலே குடியேற்றப்பட்டது இந்தத் தேவையினால்தான். ரயில் பதுளை வரை வந்து சேர்ந்தது 1924இல். அதற்கு வெகுகாலம் முன்னரே இந்தக் குடியேற்றம் வேரூன்றிவிட்டது. தேயிலை வேரூன்றிய பிறகு தோட்டத்து வேலையாட்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்களே என்பதும், கொழுந்தெடுப்பு என்கிற, தோட்டத்தின் வருமானம் முழுவதற்கும் மூலாதாரமான அந்த வேலை அவர்கள் கையிலேயே இருந்தது என்பதும், இந்தச் சரித்திரத்தை வாசிக்கின்றவர்கள் மறக்கலாகாத விஷயங்கள்.

அந்த வேலையைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பகல் சோற்றுக்கும் வழி செய்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, ஆட்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மலைக்குப் போய்ச் சேருகிறாள் ஒருத்தி. இடுப்பிலே படங்கு, முதுகிலே கூடை, கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே தலையில் ஏறி நிற்கிறது. செடியின் மட்டம் கெடாதிருக்க மட்டக்கம்பை மேலே போட்டு, அதற்கு மேல் எழுந்த தளிரும் இரண்டு இலையுமாக இரு கைகளாலும் கிள்ளி, பிடி நிறைந்தவுடன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பாராமலே கூடைக்குள் எறிகிறாள். காலை, மதியம், மாலை என மூன்று நிறுவை. தராசுக்கு முன்னே வரிசையில் நிற்கும்போது கூடைக்கென்று ஒரு கழிவு, ஈரத்துக்கென்று ஒரு கழிவு, முற்றிய இலைக்கென்று சில நாள் இன்னொரு கழிவு. கழித்தது போக எஞ்சிய எடை கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஏறும். அன்றைக்குக் குறித்த நிறை வந்தால் பேர், அதாவது முழு நாள் கூலி. வராவிட்டால் அரைப் பேர். வேலை செய்த நேரம் முழு நாளாயிருந்தும் கூலி அரைநாளாகிப்போவது இந்தத் தராசடியில்தான்.

ஆண்களின் வேலை வேறு மாதிரி. கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான் வெட்டு, மருந்தடிப்பு என்று அவை பல. கவ்வாத்துக் கத்தி பிடிப்பது இலேசான காரியமன்று. செங்குத்தான சரிவில் கால் ஊன்றி, செடியின் கிளைகளை ஒரே வீச்சில் சாய்வாக வெட்டுவதற்கு உடல் வலிமையும் பழக்கமும் வேண்டும். அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆயினும் இந்த வேலைகளில் பெரும்பாலானவை இத்தனை செடி, இத்தனை அடி என்று கணக்காக ஒப்படைக்கப்பட்டவை. கணக்கை முடித்தவன் பகல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ கத்தியைத் துடைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பலாம். அவன் பேர் முழுப் பேர். அவன் திரும்பி வரும்போது அவன் மனைவி மலையிலே நின்று அந்தி நிறுவைக்குக் கூடை நிரப்பிக்கொண்டிருப்பாள். அவள் இறங்க மாலை நாலரை, ஐந்து மணியாகும். வீட்டில் அவளுக்காகக் காத்திருப்பது இரண்டாவது வேலைநாள். அதற்குப் பேரும் இல்லை, அரைப் பேரும் இல்லை.

இப்படி நீண்ட நேரம் உழைத்தவளுக்கு எவ்வளவு, குறைந்த நேரம் உழைத்தவனுக்கு எவ்வளவு என்பதைச் சட்டமே எழுதி வைத்தது 1920களின் கடைசியில். இந்திய அரசாங்கம் தன் பிரஜைகள் கடல் கடந்து கூலிக்குப் போவதை 1922ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தி, அவர்களுக்கு மனிதத் தகுதியுள்ள வேதனம் வேண்டும் என்று வற்புறுத்தியதன் பலனாக, இலங்கைச் சட்டசபை 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை நிறைவேற்றியது. 1929 முதல் அமுலுக்கு வந்த விகிதங்கள் இவை: மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம், நடுநாட்டில் 52, 41, 31, தாழ்நாட்டில் 50, 40, 30. தோட்ட நிர்வாகிகளான துரைமார் மனம்போல் கொடுத்துவந்த கூலிக்கு ஓர் அடித்தளம் போட்டது இந்தச் சட்டம். அந்த அளவில் அது பெரிய நன்மையே. ஆனால் அதுவரை வழக்கமாக மட்டும் இருந்துவந்த ஓர் ஏற்றத்தாழ்வுக்கு அரசாங்க முத்திரை விழுந்ததும் அதே சட்டத்தினால்தான். மலைநாட்டிலும் நடுநாட்டிலும் வித்தியாசம் பதினொரு சதம், தாழ்நாட்டில் பத்து. ஆண் ஐந்து பங்கு பெற்றால் பெண் நாலு பங்கு, ஏறக்குறைய எங்கும் அப்படியே.

பதினொரு சதம் என்ன பிரமாதம் என்று இக்காலத்தில் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலைநாட்டுத் தோட்டத்தில் மாதம் இருபத்தைந்து நாள் வேலை செய்த ஆணுக்கு 13 ரூபா 50 சதம். அதே தொகையை ஒரு பெண் சம்பாதிக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டு, தீபாவளியையும் மாரியம்மன் திருவிழாவையும் விட்டு, முப்பத்தொரு நாளும் மலையேறினாலும் 13 ரூபா 33 சதந்தான். பதினேழு சதம் இன்னும் குறையும். அதாவது ஆண் ஒருவன் மாதத்தில் ஈட்டியதை அவள் ஈட்டுவதற்குப் பஞ்சாங்கத்திலே நாளே கிடையாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிள்ளைக் கணக்கிலே 32 சதம் வாங்கிவந்த மகன், ஆள் கணக்கில் சேர்க்கப்பட்ட நாளன்றே 54 சதத்துக்கு உரியவனாகிவிடுவான்; அவனைச் சுமந்திருந்த காலம் உட்பட அந்த மலையில் இருபது வருஷம் கொழுந்து பறித்த தாய் 43 சதத்திலேயே நிற்பாள். அவன் தங்கை ஆள் கணக்கில் சேரும்போதோ அவளும் 43 சதந்தான். தாயின் அநுபவத்துக்கும் மகளின் பழக்கமின்மைக்கும் ஒரே விலை. மகனின் பழக்கமின்மைக்கு மட்டும் கூடுதல் விலை. செக்ரோல் என்ற சம்பளப் பதிவுப் புத்தகம் சொல்லிய நீதி இது.

இந்தப் பதினொரு சதத்துக்கு நியாயம் கற்பித்தவர்களின் வாதம் என்ன? வேலையின் தரத்தை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை; அவளுடைய வேலை ஒன்றுதான் தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் இறாத்தல் கணக்காக நிறுக்கப்பட்ட வேலை என்றிருந்தும் பார்க்கவில்லை. நிர்ணயம் செய்தவர்கள் பார்த்தது குடும்பச் செலவை. ஒரு குடும்பம் உயிர் தரித்திருக்க அரிசி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, துணி எவ்வளவு, கம்பளி எவ்வளவு என்று பட்டியல் போட்டு, அந்தச் செலவை ஆண், பெண், பிள்ளை மூவரும் சேர்ந்து சுமப்பதாகப் பாவித்து, குடும்பத்தைத் தாங்குகிறவன் ஆண், கை கொடுக்கிறவள் பெண் என்ற அபிப்பிராயத்தின் மேல் பாகம் பிரித்தார்கள். கூலி என்பது உழைப்புக்குப் பிரதி என்ற கொள்கை இங்கே கைவிடப்பட்டு, வயிற்றுக்கு இவ்வளவு என்ற கொள்கை பிடித்துக்கொள்ளப்பட்டது. சரி, அந்தக் கொள்கையையாவது ஒழுங்காக நடத்தினார்களா? புருஷன் இறந்த விதவை, மூன்று பிள்ளைகளைத் தனியே தாங்குகிறவள், குடும்பத் தலைவன் என்று சொல்லி 54 சதம் வாங்கவில்லை. மனைவி மக்கள் இல்லாத தனியாள், தாங்க ஒருவரும் இல்லை என்று சொல்லி 43 சதத்துக்கு இறக்கப்படவில்லை. ஆகவே குடும்பச் செலவென்பது சொல்லிக்கொள்ள ஒரு நியாயமே. தோட்டத்து ஆட்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கொடுப்பதனால் கம்பெனிக்கு மிச்சமான தொகைதான் அசல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உலகம் இதை அறியாமல் இல்லை. 1919இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் தொழிலாளர் பகுதியிலேயே, சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேதனம் என்ற கொள்கை எழுதப்பட்டாயிற்று. இலங்கையிலே 1931இல் டொனமூர் அரசியல் திட்டப்படி ஸ்திரீகளுக்கும் வாக்குரிமை வந்தது. இத்தீவில் நிரந்தரமாய்க் குடியிருப்போர் என்று நிரூபித்த தோட்டத்துப் பெண்களுக்கும் அது கிடைத்தது. வாக்குச்சாவடியிலே அவள் சீட்டும் அவள் புருஷன் சீட்டும் சமம். சம்பள மேசையிலே அவள் நாள் 43, அவன் நாள் 54. இந்த முரண்பாட்டை எடுத்துப் பேசச் சட்டசபையில் அதிகம் பேர் முன்வரவில்லை. அடுத்து வந்த உலக வியாபார மந்தத்திலே தேயிலை விலை வீழ்ந்ததும், 1929இல் போட்ட விகிதங்களே மேலும் குறைக்கப்பட்டன. ஆண், பெண் இருபாலாரின் கூலியும் இறங்கிற்று, வித்தியாசம் மட்டும் நீங்கவில்லை.

அந்தக் கஷ்ட காலத்தில்தான் கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகச் சென்று, கூட்டம் கூடுவதற்கு முன்னே தம் பாடல்களைப் பாடி ஜனங்களைத் திரட்டினார். பெரிய கங்காணிக்கும் துரைக்கும் அஞ்சி லயத்து வாசலைத் தாண்டாத பெண்கள் ஒரு பெண் மேடை மேல் நின்று பாடுவதைக் கேட்டு வெளியே வந்தார்கள். தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் சரித்திரத்திலே முதன்முதல் குறிப்பிட வேண்டிய பெண் அவரே. 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி, ஜாதி, இனம், மதம் ஆகியவற்றோடு ஆண் பெண் என்ற பேதத்தாலும் உண்டாகும் ஏற்றத்தாழ்வை ஒழிப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக வெளியிட்டது. அந்தக் கட்சியாரின் தொழிற்சங்கம் ஊவாவில் காலூன்றியபோது, 1940இல், பதுளைக்கு அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த ஒரு குழுவைத் துரை கலந்தாலோசிக்க இணங்கும் அளவுக்கு அந்தப் போராட்டம் முற்றிற்று. முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் போலீசாரால் சுடப்பட்டு மாண்டதும் அதே வருஷத்து ஜனவரியில்தான். ஊவா மலைகளில் அன்று எழுந்த கோஷங்கள் சங்கம் சேரும் உரிமைக்காகவும், கங்காணியின் பிடியிலிருந்து விடுபடுவதற்காகவும், வேலைநீக்கத்துக்கு எதிராகவும் எழுந்தவை. அவை எல்லாம் அவசியமான கோஷங்களே. ஆனால் பதினொரு சதத்துக்காகத் தனியே ஒரு கோஷம் முன்வரிசைக்கு வர இன்னும் வெகுகாலம் ஆயிற்று.

ஏன் இந்தத் தாமதம்? தொழிற்சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் பெண்களின் பெயர் ஆண்களின் பெயருக்குக் குறையாமல் இருந்தது. சந்தா அவர்கள் சம்பளத்திலும் கழிந்தது. தோட்டத் தலைவர், மாவட்டப் பிரதிநிதி, தலைமைக் காரியாலயத்து உத்தியோகஸ்தர் என்ற பதவிகளிலோ ஆண்களே இருந்தார்கள். மாதர் சங்கம் என்று ஒன்று அமைத்து, அதற்கு ஒரு தலைவியை நியமித்து, மே தின ஊர்வலத்தில் முன்னால் நடக்கவிடுவதோடு பெண்கள் விஷயம் முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணினார்கள் என்றால் அது கடுமையான வார்த்தையாகாது. நியாயத்துக்காக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே பதுளையில் எஸ்.எம். சுப்பையா வென்றது உட்பட, தோட்டத்து ஜனங்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. மறு வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, வாக்களித்த அந்த ஜனங்களையே நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், யார் இங்கே, யார் அங்கே என்று குடும்பங்களைப் பிரித்தது. இருப்பதற்கு நாடு உண்டா என்பதே கேள்வியாயிருக்கும்போது, பெண்ணின் கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைவென்பது இரண்டாம் கேள்வியாகப் பின்தள்ளப்பட்டது ஆச்சரியமன்று. இரண்டாம் கேள்விகளை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கும் வழக்கம் நம்முடைய இயக்கங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானதுதான்.

இதற்கிடையே சட்டம் பெயர் மாறிற்று. 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் சட்டத்தின் கீழ்த் தேயிலைத் தொழிலுக்கென்று ஒரு சபை ஏற்பட்டு, பிறகு கூலியை அதுவே நிர்ணயித்தது; வாழ்க்கைச் செலவுப்படி என்று ஒன்று சேர்ந்தது; சதங்கள் ரூபாய்கள் ஆயின. ஆண், பெண் என்ற இரண்டு நிரல்கள் அட்டவணையை விட்டு நீங்கவில்லை. 1951இல் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் தன் 100ஆம் இலக்க உடன்படிக்கையினால் சம வேதனத்தை உலக விதியாக்கிற்று. இந்தியா 1958இல் அதை ஏற்று, 1976இல் சம ஊதியச் சட்டம் இயற்றியது. இலங்கை அதில் கையெழுத்திட்டது 1993இல். 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையாயின. வெள்ளைக்காரத் துரை போய், ஜனவசமவும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வந்தன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரை, பால் காரணமாக எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று விதித்தது. விதித்த அரசாங்கமே தோட்டங்களுக்கு முதலாளி. அந்த முதலாளியே மாதந்தோறும் பெண்ணுக்கு ஒரு விகிதம், ஆணுக்கு ஒரு விகிதம் என்று சம்பளம் எண்ணிக் கொடுத்து வந்தது. லண்டன் கம்பெனியின் லாப ஆசை என்று முன்னே சொன்ன காரணம் இங்கே பொருந்தாது அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். தேயிலையின் அந்நியச் செலாவணியைக் கொண்டு அரிசியும் மாவும் எண்ணெயும் வாங்கிய அரசாங்கத்துக்கும், ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இனிப்பானதே என்பதுதான் பதில்.

கடைசியில் அது முடிந்த விதம் இது. 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளைப் பட்டணம் எரிந்தது. கடைகளை இழந்தவர்களும், லயங்களில் விளக்கை அணைத்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரவைக் கழித்தவர்களும் அந்தப் பிரதேசத்தில் ஏராளம். அந்தப் பயம் தெளியுமுன்னரே, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் தேயிலை விலை வெகுவாக ஏறிற்று. தோட்டங்களுக்குக் கொள்ளை லாபம் என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் பறித்தவர்களின் கூலி உயரவில்லை. 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. மந்திரிசபையில் அங்கம் வகித்துக்கொண்டே சௌமியமூர்த்தி தொண்டமான் தம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸை அந்த நிறுத்தத்தில் இறக்கினார் என்பது அக்காலத்து அரசியலில் பெரிதாகப் பேசப்பட்ட விஷயம். கொழுந்து செடியிலேயே முற்றிற்று. தொழிற்சாலைகளில் ரோதை நின்றது. அரசாங்கம் இறங்கி வந்தது. சம்பள உயர்வோடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1929இல் எழுதப்பட்ட வித்தியாசம் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அட்டவணையை விட்டு நீங்கிற்று. கூலி உயர்வுக்கான போராட்டத்திலே கூடவே வந்த கோரிக்கை அது. தனக்கென்று ஒரு போராட்டம் அதற்கு அமையவில்லை. ஆனாலும், ஒன்பது மாதத்துக்கு முன் உயிருக்கு ஒளிந்த ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே நின்று வாங்கியது என்பதால் அதன் மதிப்பு எனக்குப் பெரிதாகவே படுகிறது.

இதை உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விநோதமான ஒரு விஷயம் புலப்படும். டென்னிஸ் ஆட்டத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத் தொகையை அமெரிக்கப் பகிரங்கப் போட்டியார் 1973இல் கொடுக்கத் தொடங்கினார்கள். பில்லி ஜீன் கிங் என்ற வீராங்கனையின் பிடிவாதம் அதற்குப் பெருங்காரணம். விம்பிள்டனோ 2007 வரை இணங்கவில்லை. இந்தியக் கிரிக்கெட் சபை தன் வீராங்கனைகளுக்கு ஆண்களுக்கு நிகராக, டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று ஆட்டக்கூலி நிர்ணயித்தது 2022இல். ஆகவே சம நாட்கூலி என்ற விஷயத்திலே பசறைத் தோட்டத்துப் பெண் விம்பிள்டன் வீராங்கனையை இருபத்துமூன்று ஆண்டுகள் முந்தினாள். விம்பிள்டன் பிரபுக்கள் அவ்வளவு காலம் சொல்லிவந்த சமாதானம் யாதெனில், ஆண்கள் ஐந்து செட் வரை ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று செட்டோடு முடிக்கிறார்கள், நேரம் கூட ஆடுபவனுக்குப் பணமும் கூட வேண்டாமா என்பது. அந்தத் தர்க்கத்தை அப்படியே கப்பலேற்றி ஊவாவுக்குக் கொண்டுவந்திருந்தால், பகல் இரண்டு மணிக்கு இறங்குகிறவனைக் காட்டிலும் மாலை ஐந்து மணிக்கு இறங்குகிறவளுக்கே கூடுதல் கூலி கிடைத்திருக்க வேண்டும். எந்தத் துரையும் எந்தச் சபையும் அப்படி ஒரு யோசனையைச் சொன்னதாகத் தெரியவில்லை. 1984க்குப் பின்னும் நேரம் சமமாகவில்லை, விகிதமே சமமாயிற்று.

விகிதம் சமமான பிறகு அந்தப் பணம் யார் கையில் போயிற்று என்பது இன்னொரு கதை. சம்பள நாளன்று காரியாலயத்து முன்னால் மேசை போட்டு, கிளார்க் பேர் கூப்பிட, பெண்டாட்டி பேருக்குப் புருஷன் வந்து நிற்பதும், மகள் பேருக்குத் தகப்பன் வந்து நிற்பதும், எண்ணி வாங்கிக்கொள்வதும் அநேக தோட்டங்களில் வெகுகாலம் நடந்துவந்த வழக்கம். அவளோ அந்நேரம் மலையில் இருப்பாள். சம்பள நாளானாலும் கொழுந்து நிற்காது. நேரத்தோடு வேலை முடிந்தவன் அவனாகையால் வாங்குவதற்கு வசதியுள்ளவனும் அவனே. அரிசிக் கடன், முற்பணம், கோயில் வரி, சங்கச் சந்தா, சலவை, சவரம் எல்லாம் கழிந்த துண்டுச் சீட்டோடு அந்தப் பணம் சாராயத் தவறணையைத் தாண்டி லயத்துக்கு வந்து சேர வேண்டும். எல்லாப் புருஷர்களும் தவறணையில் நின்றார்கள் என்று சொல்வது அபாண்டம். நின்றவர்கள் வீட்டில் சம வேதனம் என்பது சொல்லளவில் நின்றது என்பது உண்மை. கூட இன்னொரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி சேமிப்பு என்பது வேதனத்தின் மேல் இவ்வளவு வீதம் என்று கணக்கிடப்படுவது. குறைந்த விகிதத்தில் கால் நூற்றாண்டு உழைத்து, ஐம்பது வயதில் நிதியை எடுத்துக்கொண்டு விலகிய பெண்ணின் பழைய கணக்கை 1984ஆம் ஆண்டு இணக்கம் திருத்தவில்லை. பதினொரு சதம் என்று தொடங்கியது அவள் முதுமை வரை கூடவே வந்தது.

1992இல் தோட்டங்கள் மறுபடி தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. சம்பளச் சபையின் இடத்தைக் கூட்டு ஒப்பந்தம் பிடித்தது. பேச்சுமேசையில் முதலாளிமார் சம்மேளனத்துக்கு எதிரே உட்கார்ந்த சங்கத்தார் பெரும்பாலும் ஆண்களே. ஆயிரம் ரூபா என்ற கோரிக்கைக்காக 2018இல் கொழும்புக் காலிமுகத்திடல் வரை கூட்டம் திரண்டது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா படியுமாக அது வர்த்தமானியில் ஏறிற்று. 2024 செப்டம்பரில் 1,350 ரூபா ஆயிற்று. இவையெல்லாம் ஆண் பெண் இருவர்க்கும் ஒன்றே. ஆனால் ஆயிரம் ரூபா வந்த அன்றே பேருக்குரிய நிறையும் கூடிற்று என்று தோட்டம் தோட்டமாகத் தகராறு எழுந்தது. கான் வெட்டுக்கு நிறை இல்லை, கவ்வாத்துக்கு நிறை இல்லை, கொழுந்துக்கு உண்டு. ஆகவே நிறை கூடும்போது கூலி குறைவது, அதைப் பறிக்கிற பெண்களுக்குத்தான்; அட்டவணையில் இரண்டு நிரல் தேவையில்லை, தராசு ஒன்றே போதும். இதே ஜனங்களின் உறவினர் குடியேறிய கேரள நாட்டு மூணாறில் 2015இல் தமிழ்ப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்று தாமாகத் திரண்டு, ஆண் சங்கத் தலைவர்களை அருகே வரவிடாமல், இருபது சதவீதப் போனசைப் போராடி வாங்கினார்கள். ஊவாவில் அப்படி ஒன்று நடக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. மூணாறுச் செய்தி வந்த வாரங்களில் நம் பக்கத்துச் சங்கத் தலைவர்களும் தங்கள் மாதர் பிரிவுகளை ஒரு தரம் நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று மட்டும் ஊகிக்கிறேன்.

தோட்டத்து எல்லைக்கு வெளியே நிலைமை வேறு. பசறையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இப்போது கம்பெனித் தேயிலையோடு கூடவே கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று சிற்றுடைமைத் தோட்டங்கள் இருக்கின்றன. வெலிமடைப் பக்கம் போனால் உருளைக்கிழங்கும் கோவாவும் போஞ்சியும். கம்பெனியில் மாதத்துக்குப் போதிய நாள் வேலை இல்லாதவர்கள், முக்கியமாய்ப் பெண்கள், கைக்காசுக்கு அங்கே போகிறார்கள். ஆண்களில் பலர் கொழும்புக்குக் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். அந்தச் சின்னத் தோட்டங்களுக்கு நடைமுறையில் சம்பளச் சபையும் இல்லை, கூட்டு ஒப்பந்தமும் இல்லை, 1984ஆம் ஆண்டும் இல்லை. மத்திய வங்கி வெளியிடுகின்ற நாட்கூலி அட்டவணைகளில் சிற்றுடைமைத் தேயிலை, நெல் ஆகியவற்றுக்கு ஆண் என்று ஒரு நிரலும் பெண் என்று ஒரு நிரலும் இன்றைக்கும் தனித்தனியே அச்சாகின்றன. ஆண் நிரலின் தொகையே பெரியது. கம்பெனி மலையில் ஆணுக்குச் சமமாகப் பேர் போட்டவள், வேலையில்லாத நாளில் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்து வேலிக்குள் போனால், அங்கே அவளுக்குப் பெண் கூலிதான்.